கேத்திலில் படியும் வெள்ளை: கிணற்று நீரும் கல்சியமும் சிறுநீரகமும்

கோடை நாளொன்றின் மாலையில், வலிகாமம் வடக்கிலிருந்து 1990 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் சிலவற்றுடன் உடல்நலம் பற்றிப் பேசிக் கொண்டிருந்தோம். பேச்சு குடிநீரின் பக்கம் திரும்பியதும் ஒரு தாய் எழுந்து சொன்னார்:

"உந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிச்சுத்தான் என்ரை தம்பிக்குச் சலக்கல்லு வந்தது. கேத்திலைத் திறந்து பாருங்கோ, எவ்வளவு சுண்ணாம்பு! நான் காலமை ஒரு தேத்தண்ணி, பின்னேரம் ஒரு தேத்தண்ணி. வெறுந் தண்ணி வாயிலை வைக்கிறேல்லை. பிள்ளையளுக்கும் பால், தயிர் குடுக்கிறதை விட்டிட்டன்."

பலர் தலையசைத்தனர். பின்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர் தமது கைப்பையிலிருந்து ஒரு மாத்திரைப் போத்தலை எடுத்துக் காட்டினார். "மகள் வெளிநாட்டிலையிருந்து அனுப்பினவள், மோனை. எலும்புக்கு நல்லதாம். முழங்கால் உளைவு கூடின நாளிலை நாலும் போடுவன்." அந்தப் போத்தலில் இருந்தவை கல்சிய மாத்திரைகள்.

ஒரே கூட்டத்தில் ஒருவர் கல்சியத்துக்கு அஞ்சித் தண்ணீரையும் பாலையும் விட்டுவிட்டார். மற்றவர் கல்சியத்தை நம்பி அளவின்றி விழுங்குகிறார். இருவரும் செய்வது தம் உடலுக்கு நல்லது என்றே நினைக்கின்றனர். உண்மையில் இருவரது சிறுநீரகமும் ஆபத்தை நோக்கிச் செல்கிறது. ஆகவே இம்முறை பாடத்துக்குக் கல்சியத்தையே எடுத்துக்கொள்கிறோம்.

1. நமது நிலமும் நமது நீரும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்தது. பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் கடலடியில் படிந்த படிவுகளே இந்தக் கல்லாயின. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 ஆம் ஆண்டு தொடக்கம் 1990 ஆம் ஆண்டு வரை இயங்கியதும் இக்கல்லை நம்பியே. நமக்கு வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை செம்மண்ணூடாக இறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்குகிறது. அதையே துலா கட்டியும் பின்னர் இயந்திரம் வைத்தும் இறைத்து வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் செய்தோம். கீரிமலைக் கேணியும் நிலாவரைக் கிணறும் இந்தக் கல் நமக்குத் தந்தவையே.

மழைநீர் மண்ணில் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. இவ்வாறு கல்சியமும் ஓரளவு மக்னீசியமும் சேர்ந்த நீரையே 'வன்னீர்' அல்லது 'கடின நீர்' என்கிறோம். சவர்க்காரம் நுரைக்காமல் திரிவதும், பருப்பு அவியப் பிந்துவதும், கேத்திலில் வெள்ளை படிவதும் இதனாலேயே.

நீரைக் கொதிக்க வைத்தால் கரைந்திருந்த சுண்ணாம்பின் ஒரு பகுதி நீரைவிட்டுப் பிரிந்து பாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே கேத்திலில் நாம் காணும் வெள்ளை, நாம் குடியாமல் விட்ட சுண்ணாம்பு. அது கேத்திலில் படிவதுபோலவே சிறுநீரகத்திலும் படியும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் சிறுநீரகம் கேத்தில் அல்ல. அங்கே தண்ணீர் கொதிப்பதில்லை. நாம் குடித்த நீர் நேரே அங்கு போய்ச் சேர்வதுமில்லை.

2. ஒரு சிறு கணக்கு

விவசாயிக்குக் கணக்குத் தெரியும். ஆகவே கணக்கிட்டே பார்ப்போம்.

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் கல்சியம் தேவை. உணவு, நீர், மாத்திரை எல்லாம் சேர்த்து, 50 வயது வரை 2500 மில்லிகிராமுக்கும், அதற்கு மேற்பட்ட வயதில் 2000 மில்லிகிராமுக்கும் மேற்போகாமல் இருப்பது நல்லது என்பது அமெரிக்க மருத்துவ நிறுவனம் வகுத்த எல்லை.

இலங்கைத் தரநிறுவனம் 2013 இல் வெளியிட்ட குடிநீர்த் தரத்தில் கடினத்தன்மை லீற்றருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று குறித்தது. நமது கிணறுகள் பல இதைத் தாண்டுகின்றன. உங்கள் கிணற்றில் 300 என்று வைத்துக்கொள்வோம். அது முழுவதும் கல்சியத்தால் வந்ததாகவே கொண்டாலும், ஒரு லீற்றர் நீரில் உள்ள கல்சியம் 120 மில்லிகிராம் மட்டுமே. மூன்று லீற்றர் குடித்தால் 360.

இனி, பசும்பால் ஒரு குவளை (200 மில்லிலீற்றர்) ஏறத்தாழ 240. குரக்கன்மா 50 கிராம் ஏறத்தாழ 175. சோறு, கறி, மரக்கறியில் ஒரு 200 என்று வைப்போம். எல்லாம் கூட்டினால் 975 மில்லிகிராம். உடலுக்குத் தேவையானது 1000!

நமது கிணற்று நீரை நிறையக் குடித்தும், பாலும் குரக்கனும் சேர்த்தும், தேவைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம். மிகுதியாகிவிடவில்லை. பால் வாங்க முடியாத குடும்பத்தில் இந்த நீரே கல்சியத்தின் பெரும் பங்கைத் தருகிறது. உலக சுகாதார நிறுவனமும் நீரின் கடினத்தன்மைக்கு உடல்நலத்தின் அடிப்படையில் எல்லை எதுவும் வகுக்கவில்லை. சுவை, சவர்க்காரச் செலவு, படிவு ஆகியவையே அங்கு கவனிக்கப்படுகின்றன.

3. உடல் கல்சியத்தை எவ்வாறு ஆளுகிறது?

உடலிலுள்ள கல்சியத்தில் 100 இல் 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எஞ்சிய ஒரு பங்கே இரத்தத்திலும் தசையிலும் நின்று இதயத் துடிப்பையும் நரம்பின் வேலையையும் நடத்துகிறது. கழுத்தில் பயறளவில் உள்ள நான்கு சிறு சுரப்பிகள் இரத்தத்தின் கல்சிய அளவைக் காவல் காக்கின்றன. குறைந்தால் எலும்பிலிருந்து எடுக்கின்றன. கூடினால் எடுப்பதை நிறுத்துகின்றன. உண்பதில் பெரும் பகுதி குடலால் உறிஞ்சப்படாமலே மலத்துடன் போய்விடும். உறிஞ்சியதில் மிகுதியைச் சிறுநீரகம் சலத்துடன் வெளியேற்றும்.

எனவே உணவிலும் நீரிலும் வரும் கல்சியத்தை நல்ல உடல் சமாளித்துக்கொள்ளும். உணவில் கல்சியத்தை அறவே குறைத்தால் உடல் எலும்பை அரித்து எடுக்கும். வளரும் பிள்ளைகளிடமும் பாலூட்டும் தாய்மாரிடமும் இது பெரிய இழப்பாகும்.

4. அப்படியானால் கல் எப்படி உண்டாகிறது?

சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கல்சியமும் ஒட்சலேற்றும் சேர்ந்து உருவானவை. ஒட்சலேற்று என்பது சில கீரைகள், தேயிலை, நிலக்கடலை முதலியவற்றில் உள்ள ஒரு பொருள். பசளி, தண்டுக்கீரை போன்றவற்றில் இது கூடுதலாக உண்டு.

கல்லில் கல்சியம் இருப்பதால் கல்சியம் உண்ணாதே என்று முற்காலத்தில் வைத்தியர்களும் சொன்னதுண்டு. 1993 இல் அமெரிக்காவில் 45,000 க்கு மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறாக வந்தது. உணவில் கல்சியம் கூடுதலாக உண்டவர்களுக்கே கல் குறைவாக வந்தது. 2002 இல் இத்தாலியில், முன்பே கல் வந்த 120 ஆண்களை இரு பிரிவாக்கி ஐந்து ஆண்டுகள் பார்த்தார்கள். கல்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல் வந்தது. கல்சியத்தைக் குறைக்காமல் உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கே வந்தது.

காரணம் எளியது. கீரையிலுள்ள ஒட்சலேற்றும் தயிரிலுள்ள கல்சியமும் குடலிலேயே சந்தித்தால் அங்கேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மலத்துடன் போய்விடும். கல்சியம் இல்லாத சாப்பாட்டில் ஒட்சலேற்று தனியே இரத்தத்துக்கு ஏறிச் சிறுநீரகத்தை அடைந்து அங்குள்ள கல்சியத்துடன் சேர்கிறது. வெளியே சேர வேண்டியவை உள்ளே சேர்கின்றன.

ஆகவே கீரைக்கறி வைக்கும் வேளையில் தயிர், மோர் அல்லது முள்ளோடு உண்ணும் நெத்தலி ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது. தேங்காய்ப்பாலில் கல்சியம் மிகக் குறைவு என்பதையும் நினைவில் வைத்திருங்கள். அது பசும்பாலுக்கு ஈடாகாது.

கல் உண்டாவதற்குப் பெரிய காரணம் தண்ணீர் போதாமை. உப்புக் கரைசலை வெயிலில் வைத்தால் நீர் வற்றி உப்புப் படிகமாவதை உப்பளத்தில் பார்த்திருக்கிறோம். சலம் செறிந்தால் அதேதான் நடக்கிறது. பங்குனி முதல் புரட்டாதி வரை வெயிலில் தோட்டம் கொத்துபவரின் நீரில் பெரும் பகுதி வியர்வையாகப் போய்விடும். அவர் இரண்டு தேநீரோடு நிறுத்தினால் சலம் தடித்து மஞ்சளாகும். 1996 இல் வெளிவந்த மற்றோர் இத்தாலிய ஆய்வில், கல் வந்தவர்களில் நாளுக்கு 2 லீற்றர் சலம் போகுமளவுக்கு நீர் குடித்த 99 பேரில் 12 பேருக்கே ஐந்து ஆண்டுகளில் மீண்டும் கல் வந்தது. வழக்கம்போல் குடித்த 100 பேரில் 27 பேருக்கு வந்தது.

இங்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முகாம்களிலும் நெருக்கமான குடியிருப்புகளிலும் பல பெண்கள் தண்ணீர் குடிக்காமல் விடுவது சுண்ணாம்புக்கு அஞ்சி மட்டுமல்ல. மலசலகூடம் தூரத்தில் இருந்தது. பலருக்கு ஒன்றாக இருந்தது. இரவில் வெளிச்சம் இருக்கவில்லை. அந்த நாளில் பழகிய பழக்கம் சொந்தக் காணிக்குத் திரும்பிய பின்னும் பலரிடம் மாறவில்லை. பாதுகாப்பான, வெளிச்சமுள்ள மலசலகூடமும் சிறுநீரகத்துக்கு ஒரு மருந்துதான் என்பதை வீட்டுத்திட்டக் கூட்டங்களில் ஆண்களும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

5. கல்சியம் உண்மையில் மிகுதியாவது எங்கே?

கிணறும் உணவும் பெரும்பாலும் காரணமல்ல என்றால், மிகுதி எங்கிருந்து வருகிறது?

(அ) மாத்திரைகள். 1250 மில்லிகிராம் கல்சியம் காபனேற்று மாத்திரை ஒன்றில் 500 மில்லிகிராம் கல்சியம் உண்டு. ஆச்சி நான்கு போட்ட நாளில் மாத்திரையால் மட்டும் 2000. உணவும் நீரும் சேர்ந்தால் எல்லை கடந்துவிடும். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,000 க்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 1000 மில்லிகிராம் கல்சியமும் விற்றமின் 'டி'யும் மாத்திரையாக எடுத்தவர்களிடம் சிறுநீரகக் கல் 17 வீதம் கூடுதலாகக் காணப்பட்டது. உணவில் வரும் கல்சியம் வேறு, மாத்திரையில் ஒரேயடியாக வருவது வேறு.

(ஆ) நெஞ்செரிவு மாத்திரைகள். மருந்துக் கடையில் வாங்கிச் சப்பும் சில மாத்திரைகளும் கல்சியம் காபனேற்றே. 1915 இல் சிக்காகோவில் சிப்பி என்னும் வைத்தியர் குடற்புண்ணுக்கு மணிக்கொரு தரம் பாலும் காரப் பொடியும் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளிலேயே அவ்வாறு உண்டவர்கள் சிலர் வாந்தி, தலையிடி, சிறுநீரகப் பாதிப்பு என நோயுற்றதை வேறு வைத்தியர்கள் எழுதினர். கல்சியமும் காரமும் சேர்ந்து மிகுதியாவதால் வரும் இந்நோய் இன்றும் மாத்திரைப் பழக்கத்தால் வருகிறது.

(இ) வெற்றிலைச் சுண்ணாம்பு. உலர்ந்த, நீறிய சுண்ணாம்பின் எடையில் பாதிக்கு மேல் கல்சியம்; அதுவும் காரத்தோடு சேர்ந்தது. தாய்வானில் சிப்பிச் சுண்ணாம்பு தடவிய பாக்கை ஓயாமல் மென்று விழுங்கியவர்களுக்கு மேற்சொன்ன நோய் வந்ததை 1990களில் மருத்துவர்கள் பதிவு செய்தனர். விருந்துக்குப் பின் ஒரு வாய் போடுபவருக்கு இது பொருந்தாது. நாள் முழுவதும் போட்டுச் சாற்றை விழுங்கி, கல்சிய மாத்திரையும் எடுப்பவர் கவனிக்க வேண்டும். பாக்கு வாய்ப் புற்றுநோயைத் தருவது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் உறுதியாக வெளியிட்டது. அது ஒன்றே வெற்றிலைத் தட்டத்தை ஒதுக்கி வைக்கப் போதுமான காரணம்.

(ஈ) விற்றமின் 'டி' மிகுதி, சில பிரஷர் மாத்திரைகள். வைத்தியர் சொல்லாமல் விற்றமின் 'டி' ஊசியோ கூடிய அளவு மாத்திரையோ எடுக்கக் கூடாது. இரத்த அழுத்தத்துக்குச் சலம் போக்கும் சிலவகை மாத்திரைகள் உடலில் கல்சியத்தைத் தேக்கும். அவற்றை எடுப்பவர் கல்சிய மாத்திரை தொடங்குமுன் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இரத்தத்தில் கல்சியம் கூடினால் தெரியும் அறிகுறிகள்: அடிக்கடி தாகம், அடிக்கடி சலம் போதல், பசியின்மை, ஓங்காளம், மலச்சிக்கல், உடற்சோர்வு, முதியவர்களிடம் தடுமாறிய பேச்சு. இவை வேறு நோய்களாலும் வரலாம். கழுத்துச் சுரப்பியின் நோயாலும் சிலவகைப் புற்றுநோயாலும்கூட இரத்தத்தில் கல்சியம் கூடும். ஆகவே வீட்டு வைத்தியம் பார்க்காமல் வைத்தியசாலையில் இரத்தம் சோதிக்க வேண்டும்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒரு முக்கிய குறிப்பு: இதை வாசித்துவிட்டுக் கிளினிக்கில் தரும் கல்சிய மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள். உணவில் கல்சியம் குறைந்த தாய்மாருக்கு அது கர்ப்பகால இரத்த அழுத்த நோயைக் குறைக்க உதவுகிறது. ஆனால் இரும்பு மாத்திரையையும் கல்சிய மாத்திரையையும் ஒன்றாக விழுங்கக் கூடாது. கல்சியம் இரும்பை உறிஞ்சவிடாது. ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலுமாக, மருத்துவமாது சொல்லும் முறைப்படி எடுங்கள். இரும்பு மாத்திரையைத் தேநீருடன் எடுப்பதையும் தவிருங்கள்.

6. கிணற்றில் அஞ்ச வேண்டியவை வேறு

வெள்ளைப் படிவு கண்ணுக்குத் தெரிவதால் அஞ்சுகிறோம். கண்ணுக்குத் தெரியாதவையே பெரிய பகைவர்கள்.

நமது கல்லில் வெடிப்புகள் மிகுதி. தோட்டத்துக்கு இடும் யூரியாவும் மலக்குழியின் கசிவும் எளிதாகக் கிணற்றை அடையும். தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இது கைக்குழந்தைகளுக்கு, விசேடமாகப் புட்டிப்பால் குடிப்பவர்களுக்கு ஆபத்தானது. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் நைத்திரேற்றுப் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஆகவே குழந்தைக்கு முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதே சிறந்த காப்பு.

வவுனியாவிலும் வடமத்திய மாகாணத்திலும் விவசாயிகளிடம் காணப்படும் நாட்பட்ட சிறுநீரக நோய் வேறு, சலக்கல் வேறு. அந்நோய்க்கு ஒரே காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. புளோரைட்டும் கடினத்தன்மையும் சேர்ந்த நீர், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரிழப்பு ஆகியவை ஆராயப்படுகின்றன. இடம்பெயர்ந்து அப்பகுதிகளில் குடியமர்ந்த உறவினர் இருந்தால், சுத்திகரித்து வழங்கப்படும் நீரையே குடிக்கவும், இரத்தமும் சலமும் சோதிக்கவும் சொல்லுங்கள்.

7. நாம் செய்யக்கூடியவை

• நாளுக்கு இரண்டு பெரிய சோடாப் போத்தல் (1½ லீற்றர்) அளவு நீர் குடியுங்கள். தோட்ட வேலை நாளில் இன்னும் கூட்டுங்கள். சலம் வெளிர்ந்த நிறத்தில் இருந்தால் போதுமென்று அறியலாம். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியர் சொன்ன அளவே குடிக்க வேண்டும்.

• சுண்ணாம்புச் சுவை பிடிக்காவிட்டால் நீரைக் கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டு, அடியில் படிந்ததை அசைக்காமல் மேல்நீரை இறுத்துக் குடியுங்கள். தேசிப்புளி சிறிது விடலாம். அதிலுள்ள சித்திரிக் அமிலம் கல் உண்டாவதைத் தடுக்க உதவும்.

• உப்பைக் குறையுங்கள். உப்புக் கூடினால் சலத்தில் கல்சியமும் கூடும். ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய் மூன்றும் ஒரே நாளில் வேண்டாம். நெத்தலிக் கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவுங்கள்.

• முருங்கையிலை, குரக்கன், எள், தயிர், சிறுமீன் ஆகியவற்றால் கல்சியம் பெறுங்கள். மாத்திரை வைத்தியர் சொன்னால் மட்டும்.

• கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே தூரம் விடுங்கள். பொதுச் சுகாதார பரிசோதகரிடம் கேட்டு அமையுங்கள். நீண்டகாலம் கைவிடப்பட்டிருந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிச் சோதித்த பின்னரே குடியுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் நீரைச் சோதிப்பிக்கும்போது கடினத்தன்மையுடன் நைத்திரேற்றையும் கேளுங்கள்.

• விலாவிலிருந்து கவட்டுக்கு இறங்கும் கடும் நோ, சலத்தில் இரத்தம் இருந்தால் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அதனுடன் காய்ச்சல் இருந்தாலோ சலம் அடைத்தாலோ அன்றே, அப்பொழுதே செல்லுங்கள்.

அன்றைய கூட்டம் முடிந்தபோது ஆச்சி போத்தலை மகளிடம் திருப்பி அனுப்ப வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம்; கிளினிக் நாளில் வைத்தியரிடம் காட்டி, எத்தனை என்று கேட்டு எடுங்கள் என்றோம். தம்பிக்குக் கல் வந்த தாய் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து கிணற்றடியில் ஒரு செம்பு தண்ணீர் அள்ளி முழுவதும் குடித்தார். பிறகு, "நாளைக்குப் பிள்ளையளுக்குத் தயிர் வாங்க வேணும்" என்றார்.

கலந்துரையாடலுக்கு

1. நேற்று நீங்கள் குடித்த தண்ணீர் எவ்வளவு? வீட்டில் மிகக் குறைவாகக் குடிப்பவர் யார்? ஏன்?
2. நமது குடியிருப்பில் பெண்கள் இரவில் அச்சமின்றி மலசலகூடம் செல்ல என்ன தடை?
3. வீட்டில் உள்ள மாத்திரைகளில் வைத்தியர் தந்தவை எவை, மற்றவர்கள் தந்தவை எவை?
4. நமது கிணற்று நீரைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? அடுத்த சோதனைக்கு யார் பொறுப்பு?